பாலம் தாண்டிப் போய் உட்காருங்கள்

குடியை விட நினைப்பவருக்கு முதலில் மருத்துவர், பிறகு குடியிலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். காலையில் கண் விழித்ததுமே குடிக்கிற அளவுக்குப் போய்விட்டவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், உடம்பு வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றலாம். இது பேய் பிடித்ததும் அல்ல, நடிப்பும் அல்ல. உயிரே போகக்கூடிய நிலை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரியில் வலிப்பு வந்தால் 108.

நான் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு கருவாட்டு வாடியில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். அவர் மீண்டு வந்ததில் மருந்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தன்னைப்போலவே குடித்து, தன்னைப்போலவே மீண்டவர்களோடு வாராவாரம் உட்கார்ந்ததுதான் அவரை நிலைநிறுத்தியது. பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியமும் கோயிலில் கட்டிய கயிறும் தராத பலத்தை அந்த நாற்காலி தந்தது. "அக்கா, எங்கே போய்க் கேட்பது?" என்று வருகிற பெண்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது. இன்று தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. தேவாலய அறையிலோ பள்ளிக்கூடத்திலோ கூடுவார்கள்; இடம் எளிதாகக் கிடைப்பதால் அப்படி. எந்த மதத்தாரும் போகலாம்.

எங்கே நடக்கிறது என்று அறிய ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். மனநலப் பிரிவில் மருந்து வாங்கும்போது அங்குள்ள ஆலோசகரிடம் கேளுங்கள். மீண்டவர்கள் பலரை அவருக்குத் தெரிந்திருக்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனம் உடைந்து பேச ஆள் இல்லாத இரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பங்குத்தந்தையிடமும் ஜமாஅத் பெரியவரிடமும் கேட்கலாம், அவர்கள் வாயை மூடிக்கொள்பவர்கள் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும்.

ஏனென்றால் நம் கரையில் ஆண்களைத் தடுத்து நிறுத்துவது வெட்கம்தான். ஏலக்கூடத்தில் ஒருவர் பார்த்துவிட்டால் மாலைக்குள் படகுத்துறை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்திலேயே கூட்டம் இருந்தாலும், தயக்கம் உள்ளவர் பாம்பன் பாலம் தாண்டி மண்டபமோ ராமநாதபுரமோ மதுரையோ எங்கே இருக்கிறதோ அங்கே போகட்டும். தொண்டிக்காரர் காரைக்குடி பக்கம் விசாரிக்கட்டும். ராமநாதபுரம் வரை பஸ் டிக்கெட் காசு ஒரு குவார்ட்டருக்குக் கீழேதான்.

போன் செய்யும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். எந்தக் கிழமை, அது படகு கடலுக்குப் போகும் நாளில் விழுகிறதா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம்; மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். கூட்டத்துக்குப் போக முடியாத வாரத்துக்கு இணையவழித் தமிழ்க் கூட்டம் உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

நான் போன திறந்த கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லோரும் அவர் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்கள். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடவில்லை, புத்தி சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் தளும்பியது. பக்கத்தில் இருந்த பெரியவர் பேசாமல் அதை வாங்கி, பாதியைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். உண்டியல் சுற்றி வந்தபோது, "புதியவர் போட வேண்டாம்" என்றார்கள்.

கூட்டம் தேட நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முந்தைய மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். வேலையில்லாத அந்தப் பகல்கள்தான் ஆபத்து. அதற்குள் நாலு முகம் பழகியிருந்தால் போக ஓர் இடம் இருக்கும்.

இரண்டு வழிகளுக்குப் போகாதீர்கள். குடியை மறக்கடிக்கும் பொடி என்று சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறார்கள். அதில் டைசல்பிராம் என்ற, குடித்தால் உடம்பு ஏற்காமல் செய்யும் மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மற்றொன்று, பதிவு பெறாத மறுவாழ்வு இல்லத்தில் பூட்டி வைப்பது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள்; சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் இதை மறக்கலாமா? சேர்க்கத்தான் வேண்டுமென்றால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

அவர் வர மறுத்தால் நீங்கள் போங்கள், தங்கச்சி. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் இருக்கிறது. கடனை நாம் அடைப்பதும் படகுக்காரரிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் அவருக்கு எப்படிக் குடிக்க இடம் கொடுக்கின்றன என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். நடுவில் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டாலும் அடுத்த வாரம் அவரை அதே கூட்டத்துக்கு அனுப்புங்கள். அங்கே யாரும் அவரை விரட்ட மாட்டார்கள்.