சாக்ரடீஸைப் பற்றி எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கல்லூரி இதழுக்கு வரும் தத்துவக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. பண்டைய கிரேக்கத்தில் தத்துவத்துக்கும் தெய்வ வழிபாட்டுக்கும் இருந்த உரசல் என்றால் போதும், புதிதாக எழுத வருகிறவர்கள் நாங்கள் எல்லாம் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள். பெயர்க் குழப்பம், ஆண்டுக் குழப்பம் எல்லாம் சில்லறை. அவற்றை விடுகிறேன்.

செனோஃபனீஸை நாத்திகர் என்பது

மாட்டுக்குக் கை இருந்தால் கடவுளை மாடாகத்தான் வரையும் என்று கேலி செய்த இந்தப் பழைய கிரேக்கத் தத்துவஞானி, எல்லோரிலும் பெரிய ஒரு கடவுளையும் பாடியிருக்கிறார்.

பூசாரிகள் சாக்ரடீஸைக் கொன்றார்கள் என்பது

இதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் மேடையில் விஷக்கோப்பையோடு வசனம் பேசிய சாக்ரடீஸ் மனதில் அப்படிப் பதிந்துவிட்டார். சமீபத்தில் ஒரு மாணவர், "மதகுருமார்கள் திரண்டெழுந்தனர்" என்று எழுதியிருந்தார். எந்த மதகுரு என்று கேட்டேன். "மெலீட்டஸ் பூசாரிதானே சார்?"

இல்லை. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய விசாரணை உரையில், தன்மேல் வழக்குப் போட்ட மூவரும் யார் யாருக்காக வந்தார்கள் என்று சாக்ரடீஸே கணக்குச் சொல்கிறார்: கவிஞர்களுக்காக மெலீட்டஸ், கைவினைஞர்களுக்கும் அரசியல்வாதிகளுக்குமாக அனைட்டஸ், பேச்சாளர்களுக்காக லைகன். பூசாரிகளுக்காக ஒருவரும் வரவில்லை. தீர்ப்புச் சொன்னவர்கள் குலுக்கலில் வந்த சாதாரணக் குடிமக்கள். பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில், வழக்குக்கு முன் மண்டபத்தில் அவரைச் சந்திக்கும் குறிசொல்லி யூதிஃப்ரோ அவர் பக்கம்தான் பேசுகிறார். சாக்ரடீஸை விட ஞானி யாரும் இல்லை என்று சொன்னதே அப்போலோ தெய்வத்தின் குறிசொல்லும் தலமான டெல்ஃபிக் கோயில்.

அப்புறம் யாருக்குக் கோபம்? ஊருக்கு. ஏதென்ஸில் வேதநூல் கிடையாது, திருச்சபை கிடையாது. பலியும் திருவிழாவும் நகரத்தின் பொதுக்காரியம். தெய்வ நிந்தனை என்று எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோல்வி, பிறகு ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் நடத்திய கொடுங்கோல் ஆட்சி. அவர்களில் முக்கியமான கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு பழகியவர். 403இல் பொதுமன்னிப்பு வந்ததால் பழைய அரசியல் கணக்கை நீதிமன்றத்தில் தீர்க்க முடியாது. 399இல் வந்த குற்றச்சாட்டில் அரசியல் ஒரு வார்த்தை இல்லை: நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார்.

உடனே "அப்படியானால் எல்லாம் அரசியல்" என்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். உரசல் நிஜம்தான். தன்னோடு மட்டும் பேசும் தெய்வக்குரல் ஒன்று உண்டு என்கிறார் அவர். ஊர்ப் பலிபீடம் எதற்கும் கட்டுப்படாத குரல் அது. யூதிஃப்ரோவிடம் அவர் கேட்பது அதைவிட ஆபத்தானது: புனிதமானது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? இதைக் கேட்டவர்தான் சாகும் தறுவாயில், நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளீப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பர் கிரிட்டோவிடம் சொல்கிறார். பூசாரிக் கதையைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சேவலை எங்கே வைப்பீர்கள்? கட்டுரையே குப்பைக்குப் போகும்.

ஏதென்ஸ்தான் கிரேக்கம் என்பது

சூரியனை எரியும் பிண்டம் என்ற தத்துவஞானி அனக்சகோரஸுக்கு ஏதென்ஸில் வழக்கு, லாம்ப்சாகஸில் மரியாதை. இரண்டும் கிரேக்க நகரங்கள்தான்.

வழக்கின் தேதியைப் பார்க்காதது

அரிஸ்டாட்டில் மீதான தெய்வ நிந்தனைப் புகாருக்குக் காட்டிய சாக்கு, இறந்த நண்பர் ஹெர்மியாஸை ஒரு தெய்வத்தைப் போலப் புகழ்ந்து அவர் எழுதினார் என்ற பாட்டு. அது ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழசு. புகார் எழுந்தது கி.மு. 323இல், அரிஸ்டாட்டிலின் பழைய மாணவர் அலெக்சாண்டர் செத்த செய்தி வந்து, ஏதென்ஸில் மாசிடோனிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு.