ஆண்டுக் கூட்டத்தில் விருந்தினர் உரையை எங்கே வைப்பது?

திருகோணமலையில் இருக்கும் எங்கள் அறிவியல் வட்டம் சின்னது. சீனக்குடாப் பக்கத்து ஆலைகளில் வேலை செய்யும் இரசாயனவியலாளர்கள், பொறியியலாளர்கள், கோணேசபுரி வளாகத்து விரிவுரையாளர்கள், ஓய்வு பெற்ற இரண்டு மூன்று ஐயாமார். நான் செயலாளராகித் தொலைத்த பிறகு மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் நடத்திவிட்டேன். முதல் இரண்டும் சொதப்பல். புதிதாகச் செயலாளர் ஆனவர்களுக்கு அந்தச் சொதப்பல் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தலைவர் தெரிவு, முன்மொழிதல், வழிமொழிதல் எல்லாம் உங்கள் சங்க யாப்பிலேயே (விதிகளிலேயே) இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: திகதி

கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிடுவதென்றால் அங்குள்ள பெரிய சங்கங்களின் நாட்காட்டியை முதலில் பாருங்கள். இரசாயனவியல் நிறுவகத்தின் ஆண்டு அமர்வு வழமையாக ஜூனில் வரும், பொறியியலாளர் நிறுவனத்தினுடையது ஒக்டோபரில், விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தினுடையது டிசம்பரில். அந்த மாதங்களில் நல்ல பேச்சாளர் எவரும் கையில் அகப்படமாட்டார். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நமக்கு வாடைக்காற்று மழை வேறு. மிஞ்சுவது பெப்ரவரி முதல் மே வரை, பிறகு ஜூலை முதல் செப்ரெம்பர் வரை. வெள்ளி மதியம் வேண்டாம், ஜும்ஆ. ஞாயிறு காலை வேண்டாம், தேவாலயம். பூரணையும் வேண்டாம். என் தெரிவு சனி பின்னேரம் மூன்று மணி. இரவு ரயிலில் வருபவர் காலையில் இறங்கிக் குளித்து, கோணேஸ்வரம் போய் வந்து, கொஞ்சம் படுத்தெழும்பவும் நேரம் இருக்கும்.

படி 2: அழைப்பு

கடிதத்தில் மூன்று விடயம் போதும்: எத்தனை நிமிடம், எந்த மொழி, கேட்பவர்கள் யார். "உங்களுக்கு விருப்பமான தலைப்பில்" என்று மட்டும் எழுதாதீர்கள். இந்த ஊரோடு ஒட்டிய தலைப்பாக நீங்களே கேளுங்கள். நாங்கள் புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலைப் பற்றிக் கேட்டோம்.

படி 3: நிகழ்ச்சி நிரல் (நான் விழுந்த இடம்)

முதல் வருடம் உரையைக் கடைசியில் வைத்தேன். மரியாதை என்று நினைத்தேன். கணக்கறிக்கை வாசிக்கும்போது போன வருடத்துச் சோடாச் செலவில் ஒருவர் பிடித்துக்கொண்டார். பற்றுச்சீட்டு எங்கே, யார் வாங்கியது என்று நாற்பது நிமிடம். இரவெல்லாம் ரயிலில் வந்த பேராசிரியர் முன்வரிசையில், மடியில் ஒரு சின்னப் போத்தலை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்திலும் மனிதர் அசத்திவிட்டார் என்பது வேறு கதை. போத்தலில் இருந்தது புல்மோட்டைக் கறுப்பு மணல். வெள்ளைத் தாளில் கொட்டி நியோடிமியம் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். மணலிலுள்ள கனியங்களில் இல்மனைற் மணிகள் எழும்பி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன, ரூட்டைலும் சிர்க்கோனும் தாளிலேயே கிடந்தன. (பாடசாலை ஆய்வுகூடத்துச் சட்டக் காந்தத்துக்கு அந்தப் பலம் இல்லை, வீட்டில் செய்துபார்த்தேன்.) ஆலையில் பிரிப்பதும் இதே வழியில்தானாம். மிஞ்சுவதில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது, அதனால் மின்புலத்தால் அவை இரண்டையும் பிரிக்கிறார்கள். இந்த ஒன்றைப் பற்றிக் கேட்கவே கேள்விகள் பத்துப் பதினைந்து இருந்தன. நேரம் இல்லை.

இரண்டாம் வருடம் புத்தி வந்ததென்று உரையை முதலில் வைத்தேன். மண்டபம் நிரம்பியது. உரை முடிந்து தேநீர். பற்றிஸையும் ரோல்ஸையும் கையில் எடுத்தவர்கள் அப்படியே வாசலுக்கு நடந்தார்கள். தெரிவுக்கு இருந்து பார்த்தால் ஒன்பது பேர். எங்கள் கூட்ட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக இருக்கவேண்டிய குறைந்தபட்ச அங்கத்தவர் தொகை) இருபது. இரண்டு கிழமை கழித்து மறுபடி கூட்டினோம்.

இப்போது நான் விடாமல் பிடித்திருக்கும் ஒழுங்கு இது: கூட்டறிக்கை, கணக்கறிக்கை, உரை, கேள்விகள், தெரிவு, நன்றியுரை, அதற்குப் பிறகுதான் தேநீர். உரையைக் கேட்க வந்தவர் தெரிவுக்கும் இருப்பார், ஏனென்றால் பற்றிஸ் தட்டு இன்னும் திறக்கவில்லை. சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. கணக்கறிக்கையை ஒரு கிழமைக்கு முன்னரே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். சண்டை அங்கேயே நடந்து முடியட்டும்.

படி 4: திரையும் ஒலியும்

மல்டிமீடியா புரொஜெக்டரை அரை மணித்தியாலம் முந்திப் போட்டுப் பாருங்கள், அதைவிடச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் எழுத்துருதான் சிக்கல். என் அறிக்கையைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு போய், மண்டபத்துக் கணினியில் திறந்தால், "இல்மனைற்" என்ற சொல் ஒரு காற்புள்ளியில் தொடங்கி ஆங்கில எழுத்துகளாக நிற்கிறது. பாமினியில் "இ" காற்புள்ளி விசையில்தான் குந்தியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் காற்புள்ளி. யூனிகோடில் அடியுங்கள். எதற்கும் ஒரு பி.டி.எஃப் பிரதியும் பென்ட்ரைவில் இருக்கட்டும், எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும்.

ஒலிவாங்கியில் எனக்குப் பிடித்தது கையில் பிடிப்பதுதான். சட்டையில் குத்துவது ஒவ்வொரு அசைவுக்கும் கரகரக்கும். ஆனால் காந்தமும் போத்தலும் காட்டும் பேச்சாளருக்கு இரண்டு கையும் வேண்டும், அவருக்கு மட்டும் தாங்கியில் வைத்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், "உங்கள் ஒழுங்கில்தான் நடத்தினோம், இருபத்தாறு பேர் இருந்தார்கள், பிறகு கூட்ட நடப்பெண் இல்லை என்று ஒருவர் எதிர்த்தாரே?" விசாரித்தால், அந்த இருபத்தாறில் எட்டுப் பேர் உரை கேட்க வந்த மாணவர்கள். கையொப்பத் தாள் ஒன்றே ஒன்று. நானும் இதை யோசிக்கவில்லை. வாசலில் இரண்டு தாள் வையுங்கள், அங்கத்தவர்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. தெரிவு தொடங்குமுன் அங்கத்தவர் தாளைப் பார்த்துத் தலைகளை எண்ணி, எண்ணிக்கையைக் கூட்டறிக்கையில் எழுதுங்கள்.