கேம் கம்யூனிட்டி மேனேஜர் கிளம்பும்போது: முதலில் சாவி, பிறகு டாட்டா

கேம் ரசிகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விடுகிறீர்களா? விடைபெறும் பதிவு கடைசி வேலை. முதலில் டிஸ்கார்டு சர்வரை, அதாவது ரசிகர்கள் கூடிப் பேசும் அரட்டைத் தளத்தை, கைமாற்றுங்கள். ஓனராக இருப்பவர் சர்வரை விட்டு வெளியேறவே முடியாது. செட்டிங்ஸில் உறுப்பினர் பட்டியலுக்குப் போய் பொறுப்பேற்பவருக்கு ஓனர்ஷிப்பை மாற்ற வேண்டும். மாற்றியதை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. அவருடைய பெயர், படத்தோடு போலிகள் உலவுவதால் யூசர்நேமை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது பாட் (சர்வரில் தானாக வேலை செய்யும் நிரல்), வெப்ஹூக் (வெளியிலிருந்து சேனலில் தானாகப் பதிவிடும் இணைப்பு) விஷயத்தில். பாட் உங்கள் சொந்த டெவலப்பர் கணக்கில் இருந்தால், நீங்கள் போனபின் அதன் கடவுச்சொல் போன்ற டோக்கனை மாற்ற ஆளிருக்காது. அதை நிறுவனத்தின் டீம் கணக்குக்கு மாற்றிவிட்டு டோக்கனை ரீசெட் செய்யுங்கள். வெப்ஹூக்குக்கு முகவரியே சாவி; அந்த முகவரி தெரிந்த எவரும் பதிவிடலாம். பழையதை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். சமூக வலைத்தளக் கணக்குகளின் ஓடிபி உங்கள் சொந்த எண்ணுக்கு வருகிறதா? எண்ணை மாற்றி, ஓடிபி கிடைக்காதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளையும் புதிதாக எடுத்துக் கொடுங்கள்.

சர்வரில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர்களுக்கு ஒரு நாள் முன்பே சொல்லுங்கள். சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் ஊரோடு சேர்ந்து தெரிந்துகொண்டால் மனம் கசக்கும்.

பதிவு 2,000 எழுத்துக்குள் அடங்கட்டும். டிஸ்கார்டின் சாதாரண வரம்பு அது. இப்படித் தொடங்கலாம்: "28-ஆம் தேதி எனக்குக் கடைசி நாள். பக் ரிப்போர்ட்டை இனி எனக்கு டிஎம் செய்யாமல் பக் சேனலிலேயே போடுங்கள்." அடுத்து வருபவரின் பெயர் முடிவாகவில்லையென்றால் அதையே சொல்லுங்கள், மழுப்பினால் "கேமையே மூடப்போறாங்களாம்" என்று கிளம்பிவிடும். இன்னும் வெளிவராத அப்டேட்டைப் பற்றி ஜாடைகூட வேண்டாம், ரகசிய ஒப்பந்தம் பெரும்பாலும் வேலையை விட்ட பிறகும் தொடரும். வெள்ளி மாலையில் பதிவிடாதீர்கள். வாரயிறுதியில் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது.

டிஎம்மில் தேங்கிய, தடை செய்யப்பட்டவர்களின் (பேன்) முறையீடுகளையும் பரிசு பாக்கிகளையும் ஒரு ஷீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் அட்மின் ரோலை எடுக்கச் சொல்லுங்கள்.