ஐ-80இல் முதல் நீண்ட ஓட்டம்: ஆல்டூனாவிலிருந்து அயோவா சிட்டி வரை, படிப்படியாக

அமெரிக்காவின் ஐ-80 நெடுஞ்சாலை மேற்கே மிசௌரி ஆற்றைத் தாண்டி அயோவா மாநிலத்துக்குள் நுழைகிறது, கிழக்கே மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய்க்குள் போய்விடுகிறது. நடுவில் சுமார் 306 மைல். இருபுறமும் சோளமும் சோயாவும். வளைவு குறைவு, சிக்னல் இல்லை, டோல் இல்லை. இன்டர்ஸ்டேட்டில், அதாவது மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலையில், ஓட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். முதல் தடவையே சிகாகோவைச் சுற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படிக்கவோ வேலைக்கோ அயோவா வந்து, லைசென்ஸ் வாங்கி, ஊருக்குள் நன்றாக ஓட்டுகிறவர்களில் பலர் இன்டர்ஸ்டேட் என்றதும் தயங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டி மாய்னுக்குக் கிழக்கே இருக்கும் ஆல்டூனாவில் ஏறி, நடுவில் கிரின்னெல்லில் ஒருமுறை இறங்கி ஏறி, அயோவா சிட்டியில் இறங்கப் போகிறோம். டி மாய்னுக்குள்ளேயே ஏறலாம்தான். ஆனால் ஐ-35, ஐ-80, ஐ-235 மூன்றும் கூடும் வடகிழக்குச் சந்திப்பை, அதாவது உள்ளூர்க்காரர்கள் மிக்ஸ்மாஸ்டர் என்று சொல்லும் இடத்தை, முதல் நாளே கடக்க வேண்டியிருக்கும். ஆல்டூனாவில் ஏறினால் அது பின்னால் போய்விடும்.

ஞாயிறு காலை நல்ல நேரம். இலையுதிர் காலச் சனிக்கிழமை வேண்டாம். அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்கைஸ் அணிக்கு அயோவா சிட்டியில் ஃபுட்பால் ஆட்டம் இருந்தால் பாதி மாநிலம் அந்தச் சாலையில்தான் இருக்கும்.

படி 1: கிளம்பும் முன் எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

முதலில் சாலையின் எண். இரட்டைப்படை எண் என்றால் கிழக்கு-மேற்கு, ஒற்றைப்படை என்றால் வடக்கு-தெற்கு. ஆகவே ஐ-80 கிழக்கு-மேற்குச் சாலை, டெக்சாஸிலிருந்து மினசோட்டா வரை போகும் ஐ-35 வடக்கு-தெற்குச் சாலை. மூன்று இலக்க எண் பெரும்பாலும் கிளைச் சாலை. அதன் முதல் இலக்கம் இரட்டைப்படையானால் ஊரைச் சுற்றியோ ஊருக்குள் புகுந்தோ மறுபடி இன்டர்ஸ்டேட்டில் சேரும். டி மாய்ன் நகருக்குள் போகும் ஐ-235 அப்படித்தான். ஒற்றைப்படையானால் பிரிந்து தன் வழியே போய்விடும். சீடர் ராப்பிட்ஸுக்குப் போகும் ஐ-380 அந்த வகை.

அடுத்தது எக்ஸிட் எண், அதாவது சாலையை விட்டு இறங்கும் வழியின் எண். மொத்தப் பயணத்துக்கும் இதுதான் ஆதாரம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அயோவாவில் எக்ஸிட்டுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் வைப்பதில்லை. மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து எத்தனையாவது மைலில் இருக்கிறதோ அதுவே எண். (வடக்கு-தெற்குச் சாலையில் தெற்கு எல்லையிலிருந்து எண்ணுவார்கள்.) ஆல்டூனா எக்ஸிட் 142. அயோவா சிட்டியின் டுபியூக் தெரு எக்ஸிட் 244. கழித்தால் 102 மைல். கிராமப்புறத்தில் வேக வரம்பு மணிக்கு 70 மைல், ஆக ஒன்றரை மணி நேரம். இதற்கு ஜிபிஎஸ்கூட வேண்டாம்.

சாலையோரத்தில் மைலுக்கு ஒன்றாகச் சின்னப் பச்சைப் பலகையில் எண் இருக்கும். அதுதான் மைல் மார்க்கர். கிழக்கே போகும்போது எண் ஏறும், மேற்கே போகும்போது இறங்கும். எதிர்பார்த்ததற்கு மாறாகப் போனால் தப்பான திசையில் ஏறிவிட்டீர்கள் என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். வண்டி நின்றுபோய் 911க்கு அழைத்தாலும் அவர்கள் முதலில் கேட்பது எந்தச் சாலை, எந்தத் திசை, எந்த மைல் என்பதுதான். சோளக்காட்டு நடுவில் வேறு அடையாளம் என்ன சொல்ல முடியும்?

ஒரு தாளில் பெரிய எழுத்தில் மூன்று எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 142 (ஏறும் ஆல்டூனா), 182 (நடுவில் கிரின்னெல்), 244 (இறங்கும் அயோவா சிட்டி). போனைத் தாங்கியில் மாட்டிவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் அயோவாவில் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

படி 2: ரேம்ப்பில் ஏறி மெர்ஜ் ஆவது

ரேம்ப் என்பது இன்டர்ஸ்டேட்டில் ஏறவும் இறங்கவும் உள்ள இணைப்புப் பாதை, மெர்ஜ் என்பது ஓடும் வண்டிகளோடு கலப்பது. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் மெதுவாகப் போவதுதான் ஆபத்து.

நுழையும் முன் பலகையில் "ஈஸ்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே டாவன்போர்ட் என்ற ஊர்ப்பெயர் இருக்கும். ரேம்ப்பின் வளைவு முடிந்து நேரானதும் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். அந்த நீளமான ஓரப்பாதையைப் போட்டிருப்பதே பிரதான சாலையின் வேகத்தை நீங்கள் எட்டுவதற்காக. 65ஐத் தொட்டுவிட வேண்டும். வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது இண்டிகேட்டர், இடது கண்ணாடி, அப்புறம் தலையை லேசாகத் திருப்பி பிளைண்ட் ஸ்பாட்டில் ஒரு பார்வை. எந்த இடைவெளியில் நுழையப் போகிறோம் என்று மனதில் குறித்துக்கொண்டு, அந்த வண்டிகளின் வேகத்துக்கே வந்து உள்ளே செல்லுங்கள்.

சாலையில் ஏற்கெனவே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பலர் உங்களைப் பார்த்து இடது லேனுக்கு ஒதுங்கி வழி விடுவார்கள், ஆனால் அதை நம்பி ஏறக்கூடாது. பக்கத்தில் ட்ரக் வந்தால் அதோடு ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். முன்னால் போகலாமா பின்னால் போகலாமா என்று சீக்கிரம் முடிவெடுங்கள், சந்தேகம் என்றால் பின்னால். ஓரப்பாதையின் முனையில் போய் நிறுத்துவது கடைசி வழி. நின்ற இடத்திலிருந்து 70 மைல் வேகச் சாலைக்குள் நுழைய மிகப் பெரிய இடைவெளி வேண்டும்.

படி 3: வலது லேனில் குடியிருங்கள்

ஏறியதும் வலது லேன். இடது லேன் முந்துவதற்கு மட்டும். நம் ஊர் நாற்கரச் சாலையில் லாரிகள் மீடியன் ஓரமாகவே போக, நாம் மறுபக்கமாக முந்திப் பழகியிருப்போம். அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். முந்தி முடித்து, முந்திய வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் நடுக் கண்ணாடியில் தெரிந்த பிறகு வலதுபுறம் திரும்பி வாருங்கள்.

70 மைல் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 100 அடிக்கு மேல் ஓடுகிறது. முன்னால் போகும் வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுங்கள். மூன்று முடிவதற்குள் நீங்கள் அங்கே வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழையில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐ-80இல் ட்ரக்குகள் மிக அதிகம். ட்ரக்காரரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. முந்தும்போது தயங்காமல் முந்திவிடுங்கள். திறந்த வெளியில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். ட்ரக்கின் மறைவில் நுழையும்போது காற்று சட்டென்று நிற்கும், வெளியே வந்ததும் மறுபடி தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தால் போதும்.

ஷோல்டரில், அதாவது லேனுக்கு வெளியே உள்ள சாலையோரத்தில், போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ விளக்கு மின்ன நின்றால் இடது லேனுக்கு மாறுங்கள், மாற முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். இது மரியாதை மட்டுமல்ல, சட்டம்.

படி 4: பலகையை நிறத்தால் படியுங்கள்

எழுத்து கண்ணுக்குத் தெளியும் முன்பே நிறம் தெரிந்துவிடும். பச்சை வழி சொல்வது. நீலம் பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம், ரெஸ்ட் ஏரியா. பழுப்பு பார்க்க வேண்டிய இடங்கள். அயோவா சிட்டியைத் தாண்டி எக்ஸிட் 254இல் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் பிறந்த வெஸ்ட் பிராஞ்ச் ஊருக்கு வழிகாட்டுவது அந்த நிறம்தான். மஞ்சள் எச்சரிக்கை. ஆரஞ்சு என்றால் சாலை வேலை நடக்கிறது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேக வரம்பு போல வெள்ளையில் கறுப்பு எழுத்தில் இருப்பது சட்டம்.

பச்சைப் பலகையில் இரண்டு விஷயத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒன்று, எக்ஸிட் எண் எழுதிய சின்னப் பட்டை பெரிய பலகையின் மேல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. வலது ஓரத்தில் இருந்தால் எக்ஸிட் வலதுபுறம், இடது ஓரத்தில் இருந்தால் இடதுபுறம். மற்றொன்று, பலகையின் அடியில் மஞ்சள் பட்டையில் "எக்ஸிட் ஒன்லி" என்று இருக்கிறதா என்பது. இருந்தால் அந்த லேன் எக்ஸிட்டோடு முடிகிறது. நேராகப் போக நினைப்பவர் அப்போதே அடுத்த லேனுக்கு மாறிவிட வேண்டும்.

படி 5: கிரின்னெல்லில் இறங்கி ஏறிப் பழகுங்கள்

எக்ஸிட் 182. பெட்ரோல் தேவையோ இல்லையோ, இங்கே இறங்குங்கள். இறங்குவதும் ஏறுவதும் பழகினால்தான் பயம் தெளியும்.

மைல் மார்க்கர் 180ஐத் தாண்டும்போதே வலது லேனில் இருக்க வேண்டும். முன்னறிவிப்புப் பலகை வந்ததும் இண்டிகேட்டர் போடத் தயாராகுங்கள். பிரதான சாலையில் பிரேக் போடாதீர்கள். வெள்ளைக் கோடு விலகி ரேம்ப் பிரியும் இடத்தில் முழுதாக உள்ளே போன பிறகு வேகத்தைக் குறையுங்கள். ரேம்ப் பிரியும் முனையில் வெள்ளைக் கோடு போட்ட முக்கோணம் ஒன்று உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் அதன் குறுக்கே வண்டியை வெட்டக்கூடாது.

ரேம்ப்பில் சில இடங்களில் மஞ்சள் பலகையில் 25, 35 என்று வேகம் போட்டிருக்கும். அது பரிந்துரைதான், ஆனால் வளைவைக் கணக்கிட்டுப் போட்டது. ஒரு மணி நேரம் 70இல் ஓட்டியவருக்கு 45கூட நடப்பதுபோல் தோன்றும். உடம்பை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

ரேம்ப்பின் முடிவில் நீலப் பலகை எந்தக் கடை எந்தப் பக்கம் என்று காட்டும். கிரின்னெல் ஊர் வடக்கே, அதாவது இடதுபுறம். ஊருக்குள் போய்த் திரும்பி வரும்போது முதலில் வலதுபுறம் வரும் ரேம்ப் மேற்கே போவது, அதில் ஏறினால் டி மாய்னுக்கே போய்ச் சேருவீர்கள். ஐ-80ஐத் தாண்டியதும் இடதுபுறம் திரும்பும் ரேம்ப்தான் கிழக்கே போவது. "ராங் வே" என்று சிவப்புப் பலகை எதிரே தெரிந்தால் அது மற்றவர்கள் இறங்கும் ரேம்ப். இன்னோர் அடையாளமும் உண்டு: ஒருவழிப் பாதையான ரேம்ப்பில் சரியான திசையில் போனால் மஞ்சள் கோடு உங்கள் இடதுபுறம் இருக்கும். வலதுபுறம் தெரிந்தால் உடனே நின்றுவிடுங்கள்.

எல்லா எக்ஸிட்டும் இவ்வளவு எளிதாக இருக்காது. சில நகரங்களில் பாலத்தின் மேல் இரண்டு திசை வண்டிகளும் பக்கம் மாறிச் சென்று மறுபடி மாறும். இந்த நாட்டில் முதன்முதலாக 2009இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் அப்படி ஒன்றைக் கட்டினார்கள். அங்கே சிக்னலையும் தரையில் போட்ட அம்பையும் மட்டும் பின்பற்றினால் போதும், சாலையே உங்களைக் கொண்டுபோய் விடும்.

எக்ஸிட்டை விட்டுவிட்டால்

ஒன்றும் ஆகாது. 182ஐ விட்டால் அடுத்தது 191. ஒன்பது மைல் போய், இறங்கி, மறுபக்கம் ஏறி, ஒன்பது மைல் திரும்ப வேண்டும். கால் மணி நேரம் கூடும், அவ்வளவுதான். ஷோல்டரில் ரிவர்ஸ் எடுப்பது, கடைசி நொடியில் இரண்டு லேனைக் குறுக்கே வெட்டுவது, மீடியன் நடுவே போலீஸுக்காக விட்டிருக்கும் மண் பாதையில் திரும்புவது மூன்றும் உயிருக்கே ஆபத்து.

படி 6: அயோவா சிட்டியில் இறங்குவது

230 வரை எக்ஸிட்டுகள் ஐந்தாறு மைலுக்கு ஒன்றாகத்தான் வரும். அப்புறம் நெருக்கம். 239இல் ஐ-380, அடுத்து 240, 242, 244. 239 பலகையில் ஏ, பி என்று இரண்டு இருக்கும். ஒன்று வடக்கே சீடர் ராப்பிட்ஸ் பக்கம், மற்றது தெற்கே. இரண்டும் நமக்கு வேண்டாம். லேன்கள் கூடும், அங்கிருந்து வரும் வண்டிகள் வலதுபுறமாக வந்து கலக்கும். அவர்களுக்கு இடம் விட்டு ஓட்டுங்கள். இரண்டு மைலைக் கடக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது என்பதால் 242ஐத் தாண்டியதும் வலது லேனுக்கு வந்துவிடுங்கள். 244இல் இறங்கி டுபியூக் தெருவில் தெற்கே திரும்பினால் ஆற்றோரமாகவே நகருக்குள் போய்விடலாம்.

நவம்பர் முதல் மார்ச் வரை

மேலே சொன்னதெல்லாம் காய்ந்த சாலைக்கு. குளிர்காலத்தில் கிளம்பும் முன் அயோவா 511 தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். பாலத்தின் அடியிலும் குளிர்காற்று போவதால் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். ஈரம்போல் மின்னினால் அது ஐஸாக இருக்கலாம். பாலத்தின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், காலை மெல்ல எடுத்தால் போதும். க்ரூஸ் கண்ட்ரோல் அணைத்திருக்க வேண்டும். பனி தள்ளும் வண்டியை முந்தாதீர்கள், அதற்குப் பின்னால் இருப்பதுதான் நல்ல சாலை. நவம்பரில் மாலை வேளையில் மான்கள் குறுக்கே வரும். பிரேக் போடுங்கள், லேனை விட்டு ஒடிக்காதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தாலும் வயலில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிச் சாலையை மறைத்துவிடுவது அயோவாவில் சாதாரணம். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மங்கத் தொடங்கினால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு ட்ரக் ஸ்டாப்பில் உட்காருங்கள். கண் முன்னால் எதுவுமே தெரியாத அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். கம்பளி, தண்ணீர், போன் சார்ஜர் மூன்றும் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில், பின்சீட்டில் இருக்கட்டும்.