கதைமாந்தரின் தோற்றத்தை உருவாக்குவது எப்படி?

புதிதாகச் சிறுகதை எழுதுவோர் பலர், "மாநிறம், நடுத்தர உயரம், சுருட்டை முடி" என்று அடையாள அட்டைக்கு விவரம் கொடுப்பதுபோல் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். அடுத்த பக்கம் வருவதற்குள் வாசகர் அதை மறந்துவிடுவார்.

படி 1: அவர் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். சிங்கப்பூரின் தேக்காவில் 20 ஆண்டுகளாகப் பூக்கட்டும் ஓர் அம்மாவைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலை நேரத்தில் சிராங்கூன் சாலைப் பூக்கடைகளின் ஓரமாக நின்று, கைகளையும் கால்களையும் மட்டும் கவனியுங்கள். நூல் ஓடி ஓடித் தேய்ந்த சுட்டுவிரல், ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்நுனிகள், நெடுநேரம் நிற்பதால் கால்மாற்றிக் கால்மாற்றி ஊன்றும் பழக்கம் ஆகியவை மேசைமுன் அமர்ந்து யோசித்தால் கிடைக்காதவை. நீங்கள் பார்த்த ஒருவரை அப்படியே படியெடுக்காமல், ஒருவர் கையையும் இன்னொருவர் நடையையும் சேர்த்துப் புதிய ஆளை உருவாக்குங்கள். அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதையும்கூட.

படி 2: பார்ப்பவர் யார் என்று முடிவுசெய்யுங்கள். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படை, பாடினி என்னும் பாடும் பெண்ணைக் கூந்தலில் தொடங்கி அடிவரை வருணிக்கிறது. கேசாதிபாதம் என்னும் அந்த முறை பாட்டில் அழகாக நிற்கிறது. ஆனால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்துவிடும் மகள் தன் தாயைத் தலைமுதல் கால்வரை பார்ப்பதில்லை. விரலில் நேற்று இல்லாத பிளாஸ்டர் இன்று சுற்றியிருந்தால், அதுதான் அவள் கண்ணில் படும். அதை மட்டும் எழுதுங்கள்.

படி 3: அந்த விரலுக்குக் கதைக்குள் வேலை கொடுங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரேகை தேய்ந்திருப்பதால் கைப்பேசி அம்மாவின் விரலை ஏற்க மறுக்கிறது. மகள் தன் விரலைப் பதிந்து கொடுக்கிறாள். இனி அம்மாவுக்கு வரும் செய்திகளை அவள் எப்போது வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். கதை அங்கிருந்து நகரும்.

படி 4: உணர்ச்சியையும் அதே உடலில் காட்டுங்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளுள், வெகுளி எனும் கோபமும் ஒன்று. "கோபத்தில் முகம் சிவந்தது" என்பது யாருக்கும் பொருந்தும். முடிச்சை இறுக்கிய வேகத்தில் மல்லிகைக் காம்புகள் அறுந்து விழுந்தன என்பது இந்த அம்மாவுக்கே உரியது.

எழுதி முடித்ததும், பெயரை அழித்துவிட்டு ஒரு பத்தியை நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அது யாரைப் பற்றியது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், மறுபடியும் பூக்கடைக்குப் போய்வாருங்கள்.