செட்டிநாட்டு வீட்டில் காலப்பயணக் காமெடி எடுப்பது எப்படி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் படப்பிடிப்புக்கு வீடு பிடித்துக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் பண்ணையார் கதை, கல்யாணக் கதை என்றுதான் வருவார்கள். இப்போது சின்னப் பையன்கள் காலப்பயணக் கதையோடு வருகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள், மனசில் ஒரு வருத்தம், பின்னால் போய் அதைச் சரிபண்ணப் பார்க்கிறான், கூடவே சிரிப்பு. நல்ல கதைதான், ஒரே வீட்டில் முடித்துவிடலாம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் வருத்தத்தைச் சின்னதாக்குங்கள். 'வாழ்க்கையே வீணாப் போச்சு' என்று ஒருத்தன் புலம்பினால் கேமராவை எங்கே வைப்பது? ஒரு நாள், ஒரு காகிதம், ஒரு கையெழுத்து வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பங்காளிகள் கூடிப் பூர்வீக வீட்டைப் பிரித்து விற்ற கதை தெருவுக்குத் தெரு உண்டு. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். உங்கள் ஆளுக்கு 2025-இல் 52 வயசு. 1995-இல், எல்லோரும் போட்டார்களே என்று அவனும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன். இன்று ஏதோ ஒரு ஓட்டல் வாசலில் அவன் வீட்டு நிலைக்கதவைப் பார்க்கிறான். குனிந்து உள்ளே போனால் 1995. புகை, நீல வெளிச்சம், சுழலும் கடிகாரம் எதுவும் வேண்டாம்.

போனவனை இளைஞனாக்கிவிடாதீர்கள். அதே 52 வயசு, அதே முழங்கால் வலி. சிரிப்பே அங்கேதான் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பச்சிக்கு, அதாவது அவன் அப்பாவுக்கு, அப்போது ஐம்பதுதான். பெற்ற மகனைப் பார்த்து "வாங்கண்ணே, உக்காருங்க. எந்த ஊரு, எந்தக் கோயிலு?" என்பார். நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டில் தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். கோயில் என்றால் குலப் பிரிவு, மொத்தம் ஒன்பது. இவன் உண்மையைச் சொல்லி 'இலுப்பைக்குடி' என்றால் பங்காளி ஆகிவிடுவான். யார் வீடு, என்ன விலாசம் என்று நூல் பிடித்துப் போய் அப்பச்சி கண்டுபிடித்துவிடுவார். பயந்துபோய் 'வைரவன்கோயில்' என்று சொன்னால் அதைவிட வம்பு. வேறு கோயில் என்றால் சம்பந்தம் பண்ணலாமே! "அப்படியாண்ணே? பொண்ணு இருக்கா? நம்ம பையனுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம்." அந்தப் பையன், இளவயசு இவனேதான், தலையைக் கோதிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறான். இந்தக் காட்சியை வெட்டவே வெட்டாதீர்கள், ஓடட்டும். ஆத்தா காப்பி கொண்டுவரும்போது வயலின் மட்டும் போடாதீர்கள். இவன் டம்ளரைக் கீழே வைக்காமல் ஆறிப்போகும்வரை பிடித்திருந்தால் போதும், பார்ப்பவர்களுக்குப் புரியும்.

வருஷத்தை எழுத்தில் போட்டுக் காட்டுவது சோம்பேறித்தனம். தெருவில் போகிற பஸ்ஸில் 'மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதுங்கள். அந்தப் பெயர்களெல்லாம் 1997-இல் போய்விட்டன. கடிதத்தில் சிவகங்கை மாவட்டம் என்று வரக்கூடாது, அப்போது அது பசும்பொன் மாவட்டம். எல்லோரும் மெட்ராஸ் என்றே பேசட்டும். இவன் மட்டும் வாய் தவறிப் பெட்டிக்கடையில் "ஜிபே இருக்கா?" என்று கேட்கலாம்.

முடிவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தப்பைத் திருத்தினான், சந்தோஷமாக இருந்தான் என்று முடித்தால் அது சாமி படம். மறுவாய்ப்புக்கும் ஒரு பில் வரவேண்டும். இவன் பேச்சைக் கேட்டு அந்தப் பையன் கையெழுத்துப் போட மறுக்கிறான், வீடு தப்புகிறது. திரும்பி வந்து பார்த்தால் முப்பது வருஷமாக ஓடு மாற்றும் செலவு முழுக்க இவன் தலையில்! பங்காளிகள் போனில் ஒரே வார்த்தை: "நீதானப்பா விக்க வேணாம்னே." வெளியே மழை, வளவின், அதாவது நடுமுற்றத்தின், நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. கூரை போட்ட பட்டாலையிலும் ஒழுகுகிறது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், திட்டிக்கொண்டே, ஆனால் வீட்டை விடுவதாக இல்லை.

இனி வீட்டு விஷயம். அனுமதியை ஒருத்தரிடம் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. ஒரு சாவி சென்னையில் இருக்கும், இன்னொன்று கோலாலம்பூரில். எல்லோரிடமும் எழுதி வாங்குங்கள். வளவில் உச்சி வெயில் நேராக இறங்கி முகத்தைப் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக்கும். காலையும் சாயங்காலமும் அங்கே எடுங்கள், மத்தியானம் இரண்டாங்கட்டு, அடுப்படி. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்தது, சூளையில் சுட்டதில்லை. அதனால் டிராலி தண்டவாளத்துக்கு அடியில் ஜமுக்காளம் கட்டாயம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் டேப் ஒட்டவே கூடாது. பிய்க்கும்போது பளபளப்பும் கூடவே வந்துவிடும், அதை மறுபடி பூச ஆள் கிடைப்பது லேசில்லை.

முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடாகப் பாருங்கள். ஜெனரேட்டரைப் பின்தெருவில் நிறுத்தினால் சத்தம் மைக்குக்கு வராது. சாப்பாட்டு வண்டியும் அங்கேயே நிற்கட்டும். முன்தெருவில் உங்கள் வண்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது, 1995 காட்சிக்குள் புது நம்பர் பிளேட் வந்து நிற்கும்.