தின்னர் எங்கே போகிறது? விமானப் பெயிண்ட் ஹேங்கரில் காற்றைக் காப்பது எப்படி

ஹேங்கரில், அதாவது விமானத்தை நிறுத்திப் பெயிண்ட் அடிக்கும் பெரிய கொட்டகையில், புதிதாகச் சேரும் பெயின்டர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. "ப்ரைமரில் ஒரு லிட்டர் தின்னர் ஊற்றி அடிக்கிறீர்கள். நாளைக் காலையில் இறக்கை காய்ந்து கிடக்கும். அந்த ஒரு லிட்டர் இப்போது எங்கே?"

பெரும்பாலும் எல்லோரும் பின்சுவரைத்தான் காட்டுவார்கள். அங்கே தரையிலிருந்து கூரை வரை ஃபில்டர் அடுக்கியிருக்கும். தப்பு. ஃபில்டர் பிடிப்பது துளியையும் தூளையும் மட்டும். தின்னர் ஆவியாகி, ஃபில்டர் வழியாகவே வெளியே போய்விடும். நீங்கள் ஊற்றிய ஒரு லிட்டரும் முழுசாக ஊர்க் காற்றில் இருக்கிறது.

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். ஆவியைக் கட்டுப்படுத்தும் இடம் புகைபோக்கி இல்லை, பெயிண்ட் கலக்கும் மேசையும் துணிவாளியும்தான். தூளைக் கட்டுப்படுத்தும் இடம் பெயிண்ட் தெளிக்கும் கன்னும் ஃபில்டரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் அமெரிக்காவில், தெற்கே ஒரு மாநிலத்தில், விமானங்களைப் பழைய பெயிண்ட் உரித்துப் புதிதாக அடிக்கும் இடத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பில் இருக்கிறேன். அதற்கு முன்னால் நாமக்கல்லில் அப்பாவின் லாரி பாடி பட்டறை. பட்டி பார்ப்பது, தேய்ப்பது, கன் பிடிப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அப்பா அடிப்பார். வேலை முடிந்ததும் கன்னில் தின்னர் ஊற்றி வேலியைப் பார்த்து இரண்டு இழுப்பு இழுப்பார், கன் சுத்தமாகிவிடும். என் வேலை என்ன என்று போனில் விளக்கியபோது, "ஏஞ்சாமி, வாசம் வெளிய போறதுக்குத்தான ஃபேனே வெச்சிருக்கறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஆவியை வாசலிலேயே பிடித்து எரித்துவிடக் கூடாது? எரிக்கலாம். சட்டமும் அனுமதிக்கிறது: பிடித்து அழிப்பது மொத்தத்தில் 81 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் உள்ள ஹேங்கர். காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட விநாடிக்கு 180 கன மீட்டர் காற்று வெளியேறும். மணிக்கு 6,48,000. அவ்வளவு காற்றில் துளித்துளியாகக் கலந்த ஆவியை எரிக்க, அந்தக் காற்று முழுவதையும் சூடாக்க வேண்டும். எரிவாயு பில்லைப் பார்த்தால் முதலாளி மயங்கி விழுவார். அதனால்தான் ஆவி குறைந்த பெயிண்டை வாங்குவது என்ற வழியை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

நான் சொல்லும் எண்கள் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. 1995 செப்டம்பர் 1 அன்று வெளியிட்ட விண்வெளி, விமானத் தொழிலுக்கான விதியில் உள்ளவை. அப்போதே ஓடிக்கொண்டிருந்த இடங்களுக்கு 1998 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். 2015இல் சிறப்புப் பூச்சுகளையும் சேர்த்தார்கள். நச்சுக் காற்றுப் பொருள் ஏதாவது ஒன்றை ஆண்டுக்கு 10 டன், அல்லது எல்லாம் சேர்த்து 25 டன் வெளியிடும் திறன் உள்ள இடங்களுக்கு இது பொருந்தும். நீங்கள் வேறு நாட்டில் வேலை செய்தால் உங்கள் ஊர் அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் எண்தான் செல்லும். ஆனால் தின்னர் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் ஆவியாகிறது.

சரி, விமானம் உள்ளே வந்துவிட்டது. பழைய பெயிண்டை உரிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மெத்திலீன் குளோரைடு. தடவிக் கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்து எழும்பும். அதன் கொதிநிலையே சுமார் 40 டிகிரிதான், கோடையில் தகரக் கூரைக்குக் கீழே என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்போது முழு விமானத்தின் வெளிப்புறத்தையும் நச்சு ஆவி உள்ள உரிப்பானால் உரிக்கக் கூடாது. ஆண்டுக்கு ஆறு விமானத்துக்கு மேல் உரிக்காத இடங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் திட்டுகளுக்கும் ஸ்டிக்கர் எடுக்கவும் மட்டும் கொஞ்சம் தருகிறார்கள்: பயணிகள் விமானம் ஒன்றுக்கு ஆண்டுச் சராசரி 26 கேலன், ராணுவ விமானம் என்றால் 50.

மாற்று, பென்சைல் ஆல்கஹால் வகை உரிப்பான்கள். இவை மெதுவானவை, மணிக்கணக்கில் ஊறப் போட வேண்டும். இங்கேதான் ஆட்கள் தப்புப் பண்ணுகிறார்கள். ஹேங்கர் குளிராக இருந்தால் இவை வேலையே செய்யாது. வேலை செய்யவில்லையே என்று மேலே மேலே தடவுவார்கள். இரண்டு டிரம் வீண், கழிவுநீரும் இரட்டிப்பு. முதல் நாள் சாயங்காலமே ஹேங்கரையும் விமானத்தின் தோலையும் சூடாக்கிவிடுங்கள். தடவியபின் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடினால் காயாமல் வேலை செய்யும். கார்பன் ஃபைபர் பாகங்களில் உரிப்பானைப் படவே விடாதீர்கள், அவற்றை மூடி மறைத்துவிட்டுத் தனியாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தேய்க்கும் மெஷினில் உறிஞ்சு குழாய் இருக்கட்டும். பழைய ப்ரைமர் மஞ்சளாக இருந்தால் அதில் குரோமேட் என்ற குரோமியச் சேர்மம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தூள் புற்றுநோய் தரக்கூடியது.

அடுத்து துடைப்பது. பார்க்கச் சின்ன வேலை. எங்கள் கணக்கில் மாதா மாதம் இது இழுக்கும் அளவைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கையால் துடைக்கும் கரைப்பானின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 45 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போகக் கூடாது, அல்லது நீர் சார்ந்ததாக இருக்க வேண்டும். பழைய பெயின்டர்களின் செல்லப்பிள்ளையான எம்.ஈ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பான் இந்த எண்ணைத் தாண்டிவிடும். 2005இல் அதை நச்சுக் காற்றுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். எடுத்தது உண்மைதான். ஆனால் அது இன்னும் ஆவியாகும் கரிமச் சேர்மம்தான், சுருக்கமாக வி.ஓ.சி.; அந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

துணியை நனைக்க வாயகன்ற வாளி வேண்டாம். அமுக்கினால் கொஞ்சமாக வரும் டப்பா வையுங்கள். துடைத்த துணி, துடைத்த கையோடு மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். டப்பா எட்டும் தூரத்தில் இல்லை என்றால் துணி ஏணிப் படியில்தான் கிடக்கும். இது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, டப்பாவை எங்கே வைத்தோம் என்ற பிரச்சினை. நாங்கள் ஒவ்வொரு மேடைக்கும் ஒன்று வைத்தபிறகு நான் கத்துவது நின்றது.

இப்போது கலக்கும் மேசை. என் வேலையில் முக்கால்வாசி இங்கேதான்.

ப்ரைமருக்கு லிட்டருக்கு 350 கிராம், மேல்பூச்சுக்கு 420 கிராம். இதற்கு மேல் வி.ஓ.சி. இருக்கக் கூடாது. சிறு விமானங்களைப் புதுப்பிக்கும் இடங்களுக்கு இரண்டுக்கும் 540 வரை விடுகிறார்கள். பெரிய பயணிகள் விமானங்களை முழுதாகக் கட்டும் பழைய ஆலைகளில் வெளிப்புற ப்ரைமருக்கு 650. உங்களுக்கு எது என்று அனுமதிப் பத்திரத்தைப் பார்த்து மேசைக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இதில் மாட்டிக்கொள்வது ஒரே ஒரு சொல்லில்: 'அடிக்கும் நிலையில்'. டப்பாவில் அச்சிட்ட எண் செல்லாது. கன்னுக்குள் போகும் கலவையின் எண்தான் செல்லும். ப்ரைமர் 340 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் எடுத்தால் 1,360 கிராம். குளிருக்குக் கெட்டியாக இருக்கிறதே என்று பெயின்டர் 200 மில்லி தின்னர் ஊற்றுகிறார். தின்னர் லிட்டருக்கு 800 கிராம் எடை என்றால் அதில் 160 கிராம். ஆக 1,520 கிராம், 4.2 லிட்டரில். வகுத்தால் 362. ஒரு டம்ளர் தின்னரில் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

அதனால் கெட்டியான பெயிண்டுக்குத் தின்னர் மருந்து இல்லை, சூடுதான் மருந்து. டப்பாக்களை முந்தின இரவே வெப்பமான அறையில் வையுங்கள், அல்லது சூடாக்கும் குழாய் உள்ள பம்ப் வாங்குங்கள். தின்னர் டின்னைக் கலக்கும் அறையில் திறந்தே வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். ஊற்ற வேண்டும் என்றால் ஷிஃப்ட் தலைவர் அளந்து ஊற்றி எழுதட்டும். அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். "தின்னருக்குப் பூட்டாடா கண்ணு? இங்க பெயிண்டுக்கே பூட்டு கெடையாது."

நீர் சார்ந்த பூச்சு என்றால் இன்னொரு பொறி உண்டு. கணக்கில் தண்ணீரைக் கழித்துவிட வேண்டும். ஒரு லிட்டரில் 150 கிராம் வி.ஓ.சி., அரை லிட்டர் தண்ணீர் என்றால் விடை 150 இல்லை, 300. தண்ணீர் ஊற்றி எண்ணைக் குறைத்துக் காட்டும் தந்திரம் எடுபடாது.

தேவைக்கு மேல் கலக்காதீர்கள். இரண்டு பாகம் கலந்த யூரித்தேன் பெயிண்ட் டப்பாவிலேயே இறுகும், மிஞ்சியது முழுவதும் கழிவு. வாலுக்கு எவ்வளவு, உடலுக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால் நாலைந்து விமானத்தில் கை பழகிவிடும்.

அடிப்பதற்கு, நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் எச்.வி.எல்.பி. கன், துளிக்கு மின்னேற்றம் கொடுக்கும் எலக்ட்ரோஸ்டாட்டிக், காற்றில்லாமல் பம்ப் அழுத்தத்தில் தெளிக்கும் ஏர்லெஸ், காற்று உதவும் ஏர்லெஸ், உருளை, தூரிகை, இவை போதும். எச்.வி.எல்.பி. என்று பெயர் எழுதியிருந்தால் மட்டும் ஆகிவிடாது. காற்று மூடியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் எண்ணை நம்பாதீர்கள். கன்னின் மூடியில் பொருத்தும் சோதனைக் கேஜ் கிடைக்கும், வாரம் ஒரு முறை பாருங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் வேகமாக அடிக்கிற மாதிரி தோன்றும். ஆனால் தோலில் ஒட்டாமல் பறப்பதும் கூடும், பெயிண்டும் கூடுதலாகச் செலவாகும். ஆறேழு அங்குல தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல் நேராக இழுப்பதுதான் எல்லாவற்றையும்விட மலிவான கட்டுப்பாடு. அப்பா என் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

கன் கழுவுவது: வேலியைப் பார்த்து இழுக்கும் நாமக்கல் முறை கூடாது. ஃபில்டரைப் பார்த்து இழுப்பதும் அதே தப்புத்தான், பலர் அதைச் சரி என்று நினைக்கிறார்கள். மூடிய கழுவும் பெட்டி வாங்குங்கள், அல்லது கன்னைப் பிரித்துப் பாகங்களைத் தொட்டியில் ஊறப் போட்டு மூடிவிடுங்கள். முதல் கழுவலுக்குப் பழைய தின்னர் போதும்.

ஃபில்டருக்கு வருவோம். குரோமேட் ப்ரைமர் அடிக்கும்போது மூடிய பூத் அல்லது ஹேங்கர், வெளியேறும் காற்றுக்குச் சோதித்துச் சான்று பெற்ற ஃபில்டர். பழைய இடங்களுக்கு இரண்டு அடுக்கு, புதியவற்றுக்கு மூன்று அடுக்குத் தரம். ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை ஷிஃப்டுக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் உடனே நிறுத்தி, சரிசெய்த பிறகுதான் மறுபடி அடிக்க வேண்டும்.

எண் ஏறினால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கினால்? நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் இரவு ஷிஃப்டில் எண் புது ஃபில்டரைவிடக் கீழே போயிருந்தது. காற்று நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ச்சியாகக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று நாள் அப்படியே. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது ஒரு ஃபில்டர் சட்டத்திலிருந்து நழுவி மடங்கிக் கிடந்தது. ஃபேன் இறக்கையெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது, மஞ்சள் நீராட்டு விழா மாதிரி. குறிப்பேட்டில் மேல் எல்லை மட்டும்தான் அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை வடிவமைத்தவன் நான்தான். கீழ் எல்லையையும் அச்சிடுங்கள். ஃபில்டர் மாற்றிய அன்று ஃபேனை ஓடவிட்டுச் சட்டத்தின் ஓரங்களில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள், காற்று சீறும் இடத்தில் இடுக்கு இருக்கிறது.

கழற்றிய ஃபில்டரை அங்கேயே தட்டாதீர்கள், மடித்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். குரோமியம் இருப்பதால் பெரும்பாலும் அபாயகரமான கழிவாகத்தான் போகும். கழற்றுபவருக்கும் முகமூடி வேண்டும். வேலையிடக் காற்றில், குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியத்துக்கு இங்கே எட்டு மணிநேரச் சராசரி எல்லை கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். விமானம் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் காற்றோட்டத்தால் 25க்குக் கொண்டுவந்து, மீதியை முகமூடியால் சமாளிக்க அனுமதிக்கிறார்கள். வெளிப்புறத்துக்குக் குரோமேட் இல்லாத ப்ரைமர்கள் வந்துவிட்டன, விமான உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்டது கிடைத்தால் மாறிவிடுங்கள். அதற்காக ஃபில்டரைக் கழற்ற வேண்டாம், யூரித்தேன் மேல்பூச்சில் இருக்கும் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளின் துளிகளும் அதே காற்றில்தான் பறக்கின்றன.

கடைசியாகக் குறிப்பேடு. எந்தப் பூச்சு, எத்தனை லிட்டர், எவ்வளவு தின்னர், அடிக்கும் நிலையில் எண் என்ன, அழுத்த வித்தியாசம் என்ன. ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். கணினியில் ஏற்றுவதை அலுவலகத்தில் யாராவது செய்யட்டும். ஹேங்கரில் தாளும் பென்சிலும்தான், கையுறையோடு தொடுதிரையை அமுக்கிப் பாருங்கள், தெரியும். மாதக் கடைசியில் வாங்கிய தின்னர் அளவையும் தாளில் எழுதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எங்கள் இடத்தில் முதல் மாதம் 40 லிட்டர் வித்தியாசம் வந்தது. தேடிப் போனால், தரையில் கொட்டிய பெயிண்டைத் துடைக்க இரவு ஆட்கள் எடுத்திருந்தார்கள். தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. இப்போது இருக்கிறது.